ஊதுபத்தி என்று நினைத்த கருகல் வாடை

திருமுல்லைவாயிலில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். யாரையும் லேசில் நம்ப மாட்டேன். மார்கழிப் பனியில் ரோடே தெரியவில்லை என்று டிரைவர் சேகர் சொன்னதால், எங்கள் பிக்கப் வண்டிக்குப் பவர் கூடின ஹெட்லைட் பல்பும், புதிதாக ஃபாக் லைட்டும் போட ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் கொடுத்தேன். கடையில் பேட்டரியை மாற்றிவிடுவார்களோ என்று பயம். அதில் ஆணியால் ஒரு கோடு கிழித்து வைத்துவிட்டு, வேலை முடியும்வரை எலக்ட்ரீஷியன் பக்கத்திலேயே நின்றேன். பேட்டரி மாறவில்லை.

மறுநாள் விடியற்காலை நானும் வண்டியில் போனேன். சேகர் வழக்கம்போல டேஷ்போர்டு சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றினார். திருவேற்காடு தாண்டியதும் கருகல் வாடை.

"இன்னா சேகரு, மட்டமான பத்தியா வாங்கினு வந்தியா?"

"அதே பத்திதான்க்கா, நேத்தும் இத்தான் ஏத்தினேன்."

நான் நம்பவில்லை. பத்தியைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். வாடை இன்னும் அதிகமானது. ஸ்டியரிங்குக்குக் கீழே புகை! சேகர் வண்டியை ஓரங்கட்டி, ஓடிப்போய் பேட்டரி வயரைக் கழற்றியதால் தப்பித்தோம்.

விளக்குக்கு பேட்டரியிலிருந்து நேராக கரண்ட் கொடுக்கும் ரிலே, ஃபியூஸ் எதுவும் வைக்காமல் புது விளக்குகளைப் பழைய ஹெட்லைட் வயரிலேயே சேர்த்திருந்தார்கள். சூடு தாங்காமல் வயர் உருகிவிட்டது. அதையும் என் கண்ணெதிரேதான் செய்திருக்கிறார்கள்.

இப்போது வேறு கடையில் ரிலே வைத்துத் தனி வயர் இழுத்தாகிவிட்டது. ஊதுபத்தியை வெளியே பம்பருக்குக் காட்டுவதோடு சரி. வண்டிக்குள் என்ன வாடை வந்தாலும் முதலில் வண்டியை ஓரங்கட்டி விளக்கை அணைத்துவிடுகிறோம்.

பேட்டரியில் நான் கிழித்த கோடு மட்டும் பத்திரமாக இருக்கிறது.

– ஒரு வாசகி, திருமுல்லைவாயில்