தாய்லாந்துக் கடற்போலீசும் எவாஞ்சலின் சிஸ்டரும்

எவாஞ்சலின் முப்பத்தோரு வருடம் டெல்லியில் ஓர் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். அதில் பாதிக்காலம் எமர்ஜென்சி வார்டில். விபத்து, வெட்டுக்குத்து, விஷம் குடித்த கேஸ் என எது வந்தாலும் பின்னாலேயே ஒரு போலீஸ்காரர் நோட்டும் கையுமாக வந்து நிற்பார். கட்டிலில் கிடப்பவர்கள் அவரிடம் என்னென்ன பொய் சொல்வார்கள், எந்தப் பொய் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அவள் கணவர் ஜெபராஜ் விமானப்படையில் ரேடார் பிரிவில் இருந்தவர். பணியில் இருந்தபோதே ஓக்லா அணைக்கட்டுக்கு மேலே தேங்கும் யமுனையில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டார். ஞாயிறு சர்ச் முடிந்ததும் ஓடிவிடுவார். கறுப்புத் தண்ணீர், நுரை, நாற்றம். திரும்பி வந்தவரை எவாஞ்சலின் நேராகப் பாத்ரூமுக்குத்தான் அனுப்புவாள். "இந்தச் சாக்கடையில ஓட்டுதவனுக்குக் கடல்ல ஓட்டத் தெரியாதா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

இருவரும் ரிட்டையரான பிறகு, போன பிப்ரவரியில் துவாரகா ஃப்ளாட்டைப் பூட்டிக்கொண்டு மலேசியாவின் லங்காவித் தீவுக்குப் போனார்கள். நான்கு நாளைக்கு ஒரு சின்னப் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்தார்கள். படகுக்காரர் படகின் வரைபடத் திரையில் ஒரு சிவப்புக் கோட்டைக் காட்டி, அதற்கு வடக்கே தாய்லாந்து, தாண்டவே கூடாது என்று இரண்டு முறை சொன்னார். நீச்சல் தெரியாத எவாஞ்சலின் சாப்பிடும்போதும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை.

மூன்றாம் நாள் காலை, கோட்டுக்கு அப்பால் ஒரு தீவு தெரிந்தது. செங்குத்துப் பாறை, அடியில் வெள்ளை மணல்.

"அரைமணி நேரம் எவா. ஒரு போட்டோ எடுத்துட்டுத் திரும்பிருவோம். யாரு பாக்கப் போறா?"

"வேண்டாங்க" என்றாள். ஆனால் அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்தபின் மேற்கொண்டு தடுக்க மனம் வரவில்லை.

கோட்டைத் தாண்டித் தீவை நெருங்கியபோது காற்று செத்துப்போனது. இன்ஜினை முடுக்கினால் இரண்டு தடவை இருமிவிட்டு அதுவும் நின்றது. நீரோட்டம் படகை வடக்கே இழுத்துக்கொண்டே போனது. ஒரு மணி நேரத்தில் சாம்பல் நிற ரோந்துப் படகு ஒன்று சீறிக்கொண்டு வந்தது. சீருடையில் மூன்று பேர். ஒருவர் தோளில் துப்பாக்கி. கயிற்றை வீசிக் கட்டி இழுத்துப் போனார்கள்.

"காத்து தள்ளிட்டு வந்துட்டு, இன்ஜின் நின்னுபோச்சுன்னு சொல்லுவோம். பாதி நெசந்தானே" என்று ஜெபராஜ் காதோரம் சொன்னார்.

தீவின் படகுத்துறையை ஒட்டித் தகரக் கூரை போட்ட காவல் நிலையம். அதிகாரியின் பெயர் பிரசித். நாற்பது வயது இருக்கும். பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் கேட்டார்: ஏன் இங்கே வந்தீர்கள்? ஜெபராஜ் காற்றையும் இன்ஜினையும் சொன்னார். பிரசித் எழுதவில்லை. அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்டார்.

எழுதாமல் ஒரு போலீஸ்காரர் இரண்டாம் முறை கேட்டால் பதில் அவரிடம் ஏற்கனவே இருக்கிறது. எவாஞ்சலின் இதை வார்டில் நூறு தடவை பார்த்திருக்கிறாள்.

"நீங்க பேசாம இருங்க. நான் சொல்லுதேன்" என்றாள் கணவரிடம். பிறகு அதிகாரியைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள்: "காற்று நின்றது அப்புறம்தான். கோடு எங்களுக்குத் தெரியும். தீவைப் பார்க்கிற ஆசையில் தெரிந்தேதான் தாண்டினோம்." ஜெபராஜின் முகம் கறுத்துவிட்டது.

பிரசித் தன் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். அவர்கள் வந்த பாதை முழுக்க அதில் பதிவாகியிருந்தது. வேகம் குறையாமல், நேர்கோடாக எல்லையைத் தாண்டிய பாதை. கடத்தல்காரர்களும் இந்த வழியாகத்தான் வருகிறார்கள், அவர்களும் காற்றைத்தான் குற்றம் சொல்கிறார்கள் என்றார். அதன் பிறகுதான் பேனாவைத் திறந்தார்.

மேலிடத்து முடிவு மறுநாள்தான் தெரியும், அதுவரை படகுக்கு சீல் என்றார். எழுதி முடிப்பதற்குள் மதியம் தாண்டிவிட்டது. திடீரென்று ஜெபராஜுக்கு வியர்த்துக் கொட்டியது; பேச்சு குழறியது. காலையில் இன்சுலின் போட்டவர் இன்னும் சாப்பிடவில்லை.

"சீனி! சீனி லாவோ, ஜல்தி!" என்று எவாஞ்சலின் கத்தினாள். தாய்லாந்துத் தீவில் அவள் வாயில் வந்தது வார்டு இந்தி. ஆனால் பிரசித்துக்குக் குரலே போதுமாயிருந்தது. பாதி குடித்திருந்த தன் இனிப்புத் தேநீரைக் கொண்டு ஓடிவந்து, ஜெபராஜின் தலையைத் தாங்கிக்கொண்டார். அவள் சிறிது சிறிதாகப் புகட்டினாள். கால்மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். அடுத்து என்ன வேண்டும் என்று பிரசித் கேட்டார். முதலில் சாப்பாடு, ராத்திரிக்கு இன்சுலின், அது படகில் இருக்கிறது என்றாள். தானே போய் சீலை உடைத்து, எடுத்து வந்து, உடைத்ததையும் அறிக்கையில் எழுதி, பையை நிலையத்துக் குளிர்பெட்டியில் மீன்களுக்கு நடுவே வைத்தார்.

மறுநாள் காலை, எழுத்து மூலமான எச்சரிக்கையோடு விட்டுவிடலாம் என்று உத்தரவு வந்தது. இன்ஜினின் தண்ணீர்க் குழாயில் சிக்கியிருந்த பிளாஸ்டிக் பையை ஒரு காவலர் உருவி எடுத்துச் சரிசெய்தார். மலேசிய ரோந்துக்கும் தகவல் சொல்லிவிட்டு, கோடு வரை உடன் வந்தார்கள். பிரியும்போது பிரசித் சல்யூட் அடித்தார். ஜெபராஜ் விமானப்படைக்காரராக விறைத்து நின்று பதில் சல்யூட் அடித்தார். அவர் கண் கலங்கியதை எவாஞ்சலின் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

டெல்லி திரும்பியதும் பிரசித்தின் மேலதிகாரிக்கு ஜெபராஜ் ஒரு நன்றிக் கடிதம் எழுதினார். இரண்டு முறை கிழித்துப் போட்டார். மூன்றாவதில்தான் 'தெரிந்தே தாண்டினோம்' என்ற வரி இருந்தது.

அந்த ஞாயிறு தமிழ் சர்ச்சில், ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் எவாஞ்சலின் எழுந்தாள். கடல், அலை, ஆபத்து என்று கதை வரும் என எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள்.

"எங்களைப் புயல் ஒண்ணும் அடிக்கல. தப்பு எங்க மேலதான். பிடிச்ச போலீஸ்காரர் எங்களை மனுஷரா நடத்துனாரு. என் வீட்டுக்காரர் உசுரோட பக்கத்துல உக்காந்திருக்காரு. அதுக்கு ஸ்தோத்திரம் சொல்லத்தான் எந்திரிச்சேன்."

பக்கத்து இருக்கையிலிருந்து ஜெபராஜ்தான் முதலில், கொஞ்சம் உரக்கவே, "ஆமென்" என்றார்.