சோளகத்தில் ஓடிய பிள்ளை வண்டில்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் தெற்கே போய்த் தனியாளாகக் கடை போட்டு நிமிர்ந்தவன். அதனால் கனடாவிலிருந்து மகள் கைக்குழந்தையோடு எங்கள் ஊர் நாரந்தனைக்கு வந்தபோது, பிள்ளைக்குத் தள்ளுவண்டில் வாங்க நான் ஒருவரிடமும் யோசனை கேட்கவில்லை. கடையில் இருந்ததிலேயே உயரமானதை, வெயிலுக்குப் பெரிய மூடி உள்ளதை எடுத்தேன்.

நயினாதீவுக்குப் போக இறங்குதுறையில் நின்றோம். மூடியை முழுதாக விரித்துவிட்டு, பிரேக் போடாமல் பையை எடுக்கக் குனிந்தேன். சோளகக் காற்று மூடிக்குள் புகுந்து வண்டிலைப் பிள்ளையோடு கடல் பக்கம் தள்ளியது. பாய்ந்துபோய் துறை விளிம்பில் வைத்துப் பிடித்தேன். என் வயதில் வேறு யார் அப்படிப் பாய்வார்கள்?

படகுக்காரர் கேட்டார்: "பாயை விரிச்சுப்போட்டு நங்கூரம் போடாமல் விட்டனீங்களோ, அண்ணை?"

மகள் பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டாள். "இனி உந்த வண்டில் வேண்டாம், அப்பா. நான் தூக்கிக்கொண்டே திரியிறன்."

"உது எங்கட காத்துக்குச் சரிவராது, பிள்ளை. சரிவாறதை நான் வாங்குவன். பயந்து விடுற ஆள் நானில்லை."

மறுநாள் கடைக்காரர் முறைக்க முறைக்க, ஒவ்வொரு வண்டிலாக வாசலில் காற்றுக்கு முன் நிறுத்திப் பார்த்தேன். சின்ன மூடியும் அகன்ற நாலு சில்லும் உள்ள, உயரம் குறைந்த பதிந்த வண்டில் ஒன்று அசையாமல் நின்றது. அதை வாங்கினேன்.

இப்போது பிரேக்கை மிதிக்காமல் கைப்பிடியை விடுவதில்லை. காற்று நாளில் மூடியை மடித்துவிட்டு நானே குடை பிடிக்கிறேன். போன வெள்ளி அதே துறைக்கு, அதே படகுக்காரருக்கு முன்னால் பேத்தியைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் வாய் திறக்குமுன் சொன்னேன்:

"நங்கூரம் போட்டாச்சு, தம்பி."