ஏப்ரல் தொகுப்பில் இருந்த மார்ச் விமர்சனம்

போர்ட் பிளேரில் எங்கள் நூலகத்தின் பழைய பத்திரிகைப் பிரிவுக்கு இரண்டு வருடமாகச் சந்திரசேகர்தான் பொறுப்பு. ஊருக்குள்ளேயே டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். யாரோ பிளேடால் ஒரு பக்கத்தை வெட்டிக்கொண்டு போனதிலிருந்து மனிதருக்கு எவரைக் கண்டாலும் சந்தேகம். குடையைக்கூட விரித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். கூட வேலை பார்க்கும் என் கைப்பையும் அவரிடம் தப்பாது.

போன ஆண்டு லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயிலிருந்து சொர்ணம்மா வந்தார். செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் எல்லோரும் அவருக்கு 'பாபு'தான். 1994 மார்ச் இருபத்தாறில் சென்னை சபா ஒன்றில் பாடினாராம். இரண்டு நாள் கழித்துப் பத்திரிகையில் விமர்சனம் வந்ததாம். தீவுகளின் சார்பில் வெளியே மேடையேறியவர்களுக்கு ஏதோ உதவித்தொகை. விமர்சனத்தின் நகல்தான் சான்று. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

மார்ச் தொகுப்பு இருபதாம் தேதியோடு நின்றிருந்தது. தோட்டத்தில் வேலை பார்த்தவருக்குச் சென்னையில் கச்சேரியா என்று சந்திரசேகர் என் காதில் கிசுகிசுத்தார். பக்கத்தை அறுத்ததே இவராக இருக்கும் என்று அடுத்த நிமிடம் மாற்றிச் சொன்னார். பாடவே இல்லையென்றால் எதை அறுப்பது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கோபம் வரும், கோபத்தில் அவருக்கு இந்திதான் வரும்.

விமர்சனத்தில் என்ன எழுதியிருந்தது என்று குறுக்கு விசாரணை செய்தார். ஞாபகமில்லை என்று சொர்ணம்மா தலையைக் குனிந்துகொண்டார். பாராட்டை யாராவது மறப்பார்களா? உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காலத்தில் மெயின்லேண்ட் பத்திரிகைகள் எங்களுக்குக் கப்பலில்தான் கட்டுக்கட்டாக வரும். அச்சான தேதியைப் பார்க்காமல், கப்பல் வந்த மாதத்தோடு சேர்த்துத் தைத்துவிடுவோம். நானே தைத்திருக்கிறேன், மறந்துபோயிற்று. ஏப்ரல் தொகுப்பை இழுத்தேன். மார்ச் இருபத்தெட்டு அதில் இருந்தது.

சந்திரசேகர் உரக்கப் படிக்க ஆரம்பித்துப் பாதியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்தமான் சொர்ணம்மாளுக்குச் சுருதி நிற்கவில்லை, தாளமும் தப்பியது, இவர் வீட்டோடு பாடிக்கொள்வது நல்லது என்று நாலே வரி. எனக்கு வெட்கமாகிவிட்டது. பொய் சொல்ல வந்தவள் இப்படி ஒன்றையா தேடி வருவாள்?

"இதையாம்மா குடுக்கப் போறீங்க?" என்றார் சந்திரசேகர்.

"பாடுனேன்னு போட்டிருக்கான்ல பாபு. மூணு நாள் கப்பல்ல வாந்தியெடுத்துக்கிட்டுப் போயி, எறங்குன மறுநாளு பாடுனேன்."

சந்திரசேகர் நகலெடுத்து முத்திரை குத்தினார். அந்தக் கச்சேரிக்கு அப்புறம் எங்கெல்லாம் பாடினீர்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

சொர்ணம்மா நகலை மடித்துக்கொண்டே சொன்னார்: "இதப் படிச்ச அன்னிக்கு வாய மூடுனவதான் பாபு. அதுக்காவது ஏதாச்சும் குடுக்கட்டும்."