மூச்சில் மடங்கும் கை

எலும்பு ஒன்றுகூட முறியவில்லை. கிருபாவதிக்கு அதுவே வினையாகப் போயிற்று. முறிந்திருந்தால் மாவுக்கட்டைப் பார்த்தாவது ஊர் நம்பியிருக்கும்.

தேனியிலிருந்து போடிக்கு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தாள். முன்னால் போன வாழைத்தார் லாரி சட்டென்று நின்றது. பிரேக் பிடித்தவள் பறந்துபோய் வலது தோள் அடிபட விழுந்தாள். தலை ஒரு பக்கம் இழுத்தது, தோள் மறுபக்கம் இழுத்தது. எக்ஸ்ரேயில் எல்லாம் சுத்தமாக இருந்தது. கை மட்டும் தோளிலிருந்து சும்மா தொங்கியது. கிள்ளினால் தெரியவில்லை, தூக்கச் சொன்னால் தூக்கவில்லை.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு எண்ணெய்க் குப்பி கொண்டுவந்தார்கள். "எலும்பு நல்லாத்தான இருக்கு, மனசு வச்சா அசையும்" என்று ஒரு பெரியம்மா சொன்னார். அந்த மனசு வைக்கிற பேச்சைக் கேட்டாலே கிருபாவதிக்குப் பற்றிக்கொண்டு வரும். மனசு வைத்துக் கடை நடத்தியவள் அவள். போடி பஜாரில் அவர்களுடைய ஜவுளிக்கடையில் கல்லாவுக்கு எட்வின், மேசைக்குக் கிருபாவதி என்று இருபது வருஷமாக நடந்துவந்தது. புருஷன் எட்வின் அதட்டத் தெரியாத ஆள். அதட்டல், பேரம், துணி கிழிப்பது எல்லாம் அவள் பாடு.

மதுரையில் ஒரு டாக்டர்தான் விஷயத்தை உடைத்துச் சொன்னார்.

"கழுத்துல இருந்து கைக்கு அஞ்சு நரம்பு வருதும்மா. அஞ்சும் வேரோட பிடுங்கிக்கிருச்சு. முழங்கைங்கிறது கதவுக் கீல் மாதிரி. மடக்க முன்பக்கம் ஒரு தசை, நீட்டப் பின்பக்கம் ஒரு தசை. தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனாலதான் ரெண்டு வேணும். உங்க தசை நல்லா இருக்கு, கீலும் நல்லா இருக்கு. இழுன்னு சொல்லத்தான் ஆளில்ல."

"வேற ஆளைப் போட முடியாதா?" என்று கேட்டாள் கிருபாவதி.

டாக்டர் சிரித்துவிட்டார். போடலாம் என்றார். விலா எலும்புகளுக்கு இடையில் மூச்சு இழுப்பதற்கென்று நரம்புகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு மூன்றை எடுத்து முழங்கையை மடக்கும் தசையோடு சேர்க்கலாம். மிச்ச நரம்புகள் மூச்சுக்குப் போதும். வெட்டிய இடத்திலிருந்து நரம்பு தசைக்குள் வளர்ந்து போய்ச் சேர வேண்டும், நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும்.

"அந்தக் கணக்குக்கு ஒரு ஜாக்கெட் துணி அளக்கவே ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகுமே டாக்டர்" என்றாள்.

"ஆகும். விரல் வராது, அதையும் இப்பவே சொல்லிடறேன். முழங்கை மடங்கினா ஒரு பொருளை நெஞ்சோட அணைச்சுப் பிடிக்கலாம். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவருக்குத் தோன்றியது. துணிக்கடைக்காரிக்கு அது பாதி உலகம். துணிச்சுருளை வலது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டால், இடது கையால் கத்தரி வைத்து, ஒரு வெட்டு வெட்டி, சர்ரென்று கிழித்துவிடலாம்.

எட்வினின் தம்பி கிங்ஸ்லி ஆஸ்பத்திரிக்கு வந்தவன், கட்டில் ஓரத்தில் நின்று யோசனை சொன்னான். "இம்புட்டுச் செலவு பண்ணி எதுக்கு மதினி? உணர்ச்சியே இல்லாத கை. எடுத்துட்டா பாரமாவது குறையும்."

"உன் நாக்கை எடுத்துட்டா எங்களுக்கும்தான் பாரம் குறையும்" என்றாள் கிருபாவதி.

வாயால் அவனை அடக்க முடிந்தது, கடையில் முடியவில்லை. அவள் படுத்திருந்த மாதங்களில் மேசைக்குப் பின்னால் அவன் போய் நின்றுவிட்டான். அவனுக்குத் துணி பிடிக்காது. அந்த இடத்தில் செல்போன் கடை வைக்க வேண்டும் என்பது அவனுடைய பல நாள் ஆசை. ஒருநாள் எட்வின் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார். "மூணு தீபாவளி பாப்போம்னு அவன்கிட்டச் சொல்லிட்டேன் கிருபா. அதுக்குள்ள நீ நின்னு துணி கிழிச்சா கடை நமக்கு. இல்லைன்னா அவன் எடுத்துக்கட்டும்."

அவளைக் கேட்காமல் கொடுத்த வாக்கு. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இல்லை, அவ்வளவுதான்.

ஆபரேஷன் முடிந்தது. தேனியில் பிசியோதெரபி பார்க்கும் ஜன்னத்துல் பிர்தௌஸ் என்ற கம்பத்துப் பெண்ணிடம் போய்வரத் தொடங்கினாள். ஜன்னத் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "மூச்சை நல்லா இழுங்கக்கா, இழுக்கும்போதே மடக்கணும்னு நினைங்க" என்பாள். மாதக்கணக்கில் இழுத்தாள். போடி மெட்டிலிருந்து இறங்குகிற காற்றையெல்லாம் இழுத்துத் தீர்த்தாள். கை அசையவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் திரும்பி அழுததும் உண்டு. அதை யாருக்கும் காட்டவில்லை.

ஒருநாள் அடுப்பில் மிளகாய் வற்றல் தாளித்தபோது காரம் ஏறி இருமினாள். இருமியபோது, வலது ரவிக்கைக் கைக்குள் ஏதோ துள்ளுவது கண்ணில் பட்டது. இடது கையை வைத்து அழுத்திக்கொண்டு மறுபடி இருமினாள். மறுபடி துள்ளியது. வற்றல் கருகி வீடு முழுக்கப் புகை. எட்வின் பதறி ஓடிவந்தபோது, கண்ணில் தண்ணீர் வழிய, நிறுத்தாமல் வேண்டுமென்றே இருமிக்கொண்டிருந்தாள்.

"தொட்டுப் பாருங்க! தொட்டுப் பாருங்க!" என்றாள். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, தானும் இருமத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு கை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மூச்சை இழுத்தால் முழங்கை மடங்கும், விட்டால் பொத்தென்று விழும். மடங்கும்போது உள்ளங்கை தானாக மேலே திரும்பியது. எவனிடமோ கையேந்துவது போல இருக்கிறதென்று அவளுக்கு எரிச்சல். "இந்தத் தசைக்கு ரெண்டு வேலைக்கா, மடக்கவும் செய்யும், கையை மல்லாத்தவும் செய்யும்" என்று ஜன்னத் சமாதானம் சொன்னாள். "மல்லாத்தற வேலையை எவன் கேட்டான்?" என்று இடது கையால் அதைத் திருப்பிவிட்டாள் கிருபாவதி.

இரண்டாம் தீபாவளிக்கு முன்பே அவசரப்பட்டுக் கடைக்குப் போனாள். மூச்சை இழுத்தாள், கை ஏறியது, சுருளை வாங்கி நெஞ்சோடு அணைத்தாள். வாடிக்கைக்காரம்மா விலை கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்ததுதான் தாமதம், மூச்சு போனது, கை போனது, சுருள் தரையில் உருண்டு வாசல்வரை விரிந்தது.

"மதினி, வாயைத் திறந்தா துணி விழுது" என்று கிங்ஸ்லி சிரித்தான். "மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஊமையா வியாபாரம் பாக்க முடியுமா? நம்ம யாவாரமே வாய் யாவாரம்."

அவன் சொன்னது நிஜம், அதுதான் வலித்தது. ஜன்னத்திடம் போய் இதைச் சொன்னாள்.

"நரம்பு இன்னும் விலாவுக்கு வேலை செய்யிறதாவே நினைச்சுக்கிட்டு இருக்குக்கா. இப்ப நீ கைக்கு வேலை செய்யிறன்னு மூளை அதுக்குப் புதுசாப் பழக்கணும். வாயை மூடிக்கிட்டு மடக்கினா காலத்துக்கும் பழகாது. பேசிக்கிட்டே மடக்குங்க. வீட்ல யாரையாச்சும் திட்டுவீகள்ல?"

"அதுக்கா பஞ்சம்?"

அன்றிலிருந்து சாயங்காலமானால் எட்வின் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்காருவார். "இன்னைக்கு எதுக்குத் திட்டு?" என்று கேட்பார். குளியலறையில் ஈரத்துண்டைப் போட்டதற்கு, அவருடைய மாமியாருக்குப் போன் போடாததற்கு, குறட்டைக்கு. அவள் மூச்சை இழுத்துக் கையை மடக்கித் திட்ட ஆரம்பிப்பாள். நாலு வார்த்தையில் கை இறங்கிவிடும். திட்டும் சப்பென்று இருந்தது. சிரிப்பு வேறு வந்து கெடுத்தது.

ஒரு சாயங்காலம் அவர் அதே கேள்வியைக் கேட்டார். கிருபாவதி அவரைப் பார்த்தாள். "என்னைக் கேக்காம என் இடத்தைத் தம்பிக்குப் பேசிட்டு வந்தீகளே, அதுக்கு" என்றாள். எட்வின் தலை குனிந்துகொண்டார். அவள் கையும் இறங்கிவிட்டது. "தப்புதான் கிருபா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதற்காக அவள் பழகுவதை நிறுத்தவில்லை. அடுத்த நாளும் நாற்காலி வந்தது.

மூன்றாம் தீபாவளி நெருங்கியது. கிங்ஸ்லி வாக்குக்குக் காத்திருக்கவில்லை. துணி அலமாரியைப் பிரித்துக் கண்ணாடிப் பெட்டி போடுவதற்காக ஒரு காலையில் ஆசாரியை அளவெடுக்க வரச்சொல்லிவிட்டான். கடைப்பெண் பூமாரி போனில் அழாத குறையாகச் சொல்ல, கிருபாவதி அப்படியே கிளம்பிக் கடைக்கு வந்தாள். ஆசாரி டேப்பை விரித்துக்கொண்டிருந்தார். கல்லாவில் எட்வின் எழுந்து நின்று, தம்பியையும் ஆசாரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் மயிலாடும்பாறையிலிருந்து வழக்கமாக வருகிற சண்முகத்தாய் படியேறினாள். மகளுக்கு ஜாக்கெட் துணி வேண்டும், சிவப்பில்.

"இங்கன வா ஆத்தா, நான் தாரேன்" என்று கிருபாவதி மேசைக்குப் பின்னால் போய் நின்றாள். மூச்சை இழுத்தாள். கை ஏறியது. பூமாரி எடுத்துத் தந்த சிவப்புச் சுருளை நெஞ்சோடு அணைத்து, இடது கையால் நுனியை மேசையின் அளவுகோலில் இழுத்தாள்.

"மீட்டர் என்ன விலைக்கா?" என்றாள் சண்முகத்தாய்.

"கீழ பாருங்க ஆசாரி, இப்ப விழும்" என்றான் கிங்ஸ்லி.

கிருபாவதி அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, யாருக்கு வேடிக்கை காட்டுற? அஞ்சு நரம்பும் அத்துப் போயி, விலாவுல இருந்து நரம்பை வாங்கி வளத்திருக்கேன்டா இந்தக் கையை. நீ ஒத்த நாளாவது நின்னு ஒரு ஜாக்கெட் துணி கோணாமக் கிழிச்சிருக்கியா? நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப கையை எடுத்துரச் சொன்ன. எந்திரிச்சு வந்தா எடத்தை எடுத்துக்கிறேங்கிற. உங்க அண்ணன் மெதுவாப் பேசுறாக, அதனால அவுக வாக்கை நீ உன் வசதிக்கு வளைச்சுக்கிட்ட. நான் மெதுவாப் பேச மாட்டேன். தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கு. வாக்குன்னா அந்த நாள் வரைக்கும் வாக்கு. அதுக்கு முந்தி இந்தக் கடையில ஒரு ஆணியைப் பிடுங்கினாலும்..."

பேசப் பேச அவள் மூச்சு போய்க்கொண்டே இருந்தது. நடுவில் இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். பஜாரில் போகிறவர்கள் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

"அக்கா" என்றாள் சண்முகத்தாய். "உங்க கை."

கிருபாவதி குனிந்து பார்த்தாள். முழங்கை மடங்கியபடி இருந்தது. சிவப்புச் சுருள் நெஞ்சில் அப்படியே இருந்தது. வாயை மூடினால் எங்கே விழுந்துவிடுமோ என்று முதல்முறையாகப் பயம் தலைகீழாக வந்தது. மூடிப் பார்த்தாள். விழவில்லை. கத்தரி வைத்து ஒரு வெட்டு வெட்டி, சண்முகத்தாய்க்கு வேண்டிய துணியைச் சர்ரென்று கிழித்து மேசையில் போட்டாள்.

"நேராத்தான் வந்திருக்கு" என்றார் ஆசாரி.

எட்வின் கல்லாவை விட்டு வெளியே வந்தார். "கிங்ஸ்லி, அலமாரியில கை வைக்காத" என்றார். அவர் குரல் பாதிக் கடைக்குக் கேட்டது. அவருக்கு அது அதட்டல்.

"ஆசாரி, வந்தது வந்தீக, அளவெடுத்துட்டே போங்க" என்றாள் கிருபாவதி. "இந்த மேசை எனக்கு உசரம். தாங்கிப் பிடிக்கத் தோதுப்படல. என் முழங்கை எங்கன நிக்குதோ அந்த அளவுக்கு இதை இறக்கணும்."

ஆசாரி மேசையைச் சுற்றி வந்து, டேப்பின் ஒரு நுனியை அவளுடைய மடங்கிய முழங்கைக்குக் கீழே வைத்தார். மறு நுனியைத் தரையில் பிடிக்க ஆள் தேடினார்.

"கிங்ஸ்லி, குனிஞ்சு பிடி" என்றாள் கிருபாவதி.