பின்மூலையில் கம்பு பிடித்தவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசுகளோடு எனக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை. நான் நில அளவையாளன். இலங்கையில் இருந்த காலத்தில், ஆட்கள் தனியே போகத் தயங்குகிற சுடலை ஓரங்களிலும் பாழ்கிணற்றடிகளிலும் முக்காலியை நட்டுவிட்டு அங்கேயே சோற்றுப் பார்சலைப் பிரித்தவன். அங்கெல்லாம் என்னை மிரட்ட வந்தவர்கள் அத்தனை பேரும் உயிரோடு இருந்த காணிச் சொந்தக்காரர்கள். ஒருவர் கொடுவாக்கத்தியோடு வந்தார். பேய் வரத் துணியாது என்று நான் சொல்லவரவில்லை. வந்து முன்னால் நின்றாலும் நான் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன், அது காத்திருந்து அலுத்துத் திரும்பிவிடும், அவ்வளவுதான் என் கட்சி. இப்போது உங்கள் முகத்தில் இருக்கிற சிரிப்பு அன்று என் முகத்திலும் இருந்தது. மேலே கேளுங்கள், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஓக்லாந்துக்கு வந்து சேர்ந்தபோது ஏவன்டேலில் வாடகை வீடு, ஒனிஹங்காவில் வேலை. சின்ன அளவை அலுவலகம். மற்றவர்கள் கணினிக்கு முன்னால் இருந்தார்கள், எனக்குப் பழம் பத்திரங்களைத் தள்ளிவிட்டார்கள். என் திறமையைக் கண்டு கொடுத்த வேலை என்று நினைத்துவிடாதீர்கள். சங்கிலி, லிங்க் என்று நீளம் எழுதியிருந்த கடதாசியைக் கண்டாலே அங்கிருந்த இளசுகள் முகத்தைச் சுளிக்கும், நானோ அதிலேயே பிழைத்தவன். வெள்ளைக்காரன் யாழ்ப்பாணத்தையும் ஓக்லாந்தையும் ஒரே நீளச் சங்கிலியால் அளந்திருக்கிறான். அந்தச் சாம்ராச்சியம் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

குடியேற்ற காலத்தில் அரசாங்கம் முதன்முதலாகக் காணியைத் துண்டு போட்டு எழுதிக்கொடுத்த பத்திரங்கள் அவை. அதற்கு முன் காணி யாருடையது என்று அதில் இராது. அப்படிப்பட்ட பத்திரங்கள் எந்த நாட்டிலும் அதைச் சொல்வதில்லை. எல்லையை மட்டும் வசனமாக எழுதியிருப்பார்கள். ஓடை வாயில் நட்ட டோட்டாரா மரக்கட்டையில் தொடங்கி, ஓடையோரமாகக் கற்குவியல் வரை போய், அங்கிருந்து வடகிழக்கே இத்தனை சங்கிலி போய் என்று ஒரு பயணக் கட்டுரை மாதிரி அது நீளும். அந்த நடையை நான் மறுபடி நடக்கவேண்டும். ஆனால் ஓடை இப்போது தார்வீதிக்குக் கீழே குழாய்க்குள் ஓடும். கற்குவியல் யாரோ ஒருவருடைய பூந்தோட்டத்தில் அலங்காரமாகியிருக்கும். வடக்குக்கூட கொஞ்சம் நகர்ந்திருக்கும், திசைகாட்டி முள் காட்டுகிற வடக்கு காலப்போக்கில் விலகுகிற சாமான். வடக்குத் திசையே குடிபெயரும்போது என்னைப்போன்றவனை எதற்குக் குறை சொல்வது என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அப்படி வந்த வேலைதான் மார்கரெட்டினுடையது. எண்பதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி, ஒனிஹங்காவின் பழைய தெருவொன்றில் மரவீட்டில் தனியாக இருந்தார். பக்கத்து வளவை ஒரு கட்டடக்காரர் வாங்கியிருந்தார். மரங்களைத் தள்ளிவிட்டு வரிசையாக வீடு கட்டுவது திட்டம். அந்தக் காலத்தில் அது ஊர் முழுக்கப் பரவியிருந்த தொற்றுநோய். இரண்டு வளவுக்கும் நடுவே பலகை வேலி. வேலிக்கு அந்தப் பக்கம், பின்மூலையில், ஒரு கமீலியா மரம். அந்த மரம் நிற்கிற துண்டு தன்னுடையது என்று மார்கரெட் சொன்னார்.

நான் யாழ்ப்பாணத்தான். வேலிக் கதியாலை வருடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி நடுகிற கலையில் தேர்ந்த சமூகம் எங்களுடையது. வெள்ளைக்காரரும் இப்படித்தானா என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டுக்கொண்டே, ஒரு பூமரத்துக்காக இவ்வளவு செலவு தேவையா என்று மரியாதையாகக் கேட்டுப்பார்த்தேன். அவர் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சீனி எத்தனை கரண்டி என்று கேட்ட அதே குரலில் சொன்னார்.

"அதன் அடியில் என் மகள் இருக்கிறாள்."

முதல் பிள்ளை. வீட்டிலேயே, ஒரு குளிர்காலத்தில், உயிரில்லாமல் பிறந்தது. மார்கரெட் நினைவு தப்பிக் காய்ச்சலில் கிடந்து, எழுந்து உட்கார்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கணவர் டொம், துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர், தன் கையாலேயே அடக்கம் செய்திருந்தார். "மூலைக்கட்டைக்கு எங்கள் பக்கமாக வைத்திருக்கிறேன்" என்று மட்டும் சொன்னாராம். வசந்தத்தில் கமீலியாக் கன்றைக் கொண்டுவந்து நட்டார். பிறகு அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. அவர் யுத்தத்துக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் புது வேலி போட்டார், மூலை அந்தப் பக்கம் போய்விட்டது. டொம் திரும்பிவந்து பார்த்தார். பின்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வேலிச் சண்டைக்குப் போனால் காரணம் சொல்லவேண்டும், அதை அவரால் சொல்ல முடியவில்லை. வேறு பிள்ளைகள் பிறக்கவில்லை. அவரும் போய்ச் சேர்ந்து பல வருடமாகிவிட்டது.

"எங்கள் பக்கம்தான் என்று சொன்னார்," என்றார் மார்கரெட். "இவ்வளவு காலமும் அதை நம்பித்தான் இருந்தேன். அது உண்மையா என்று பார்த்துச் சொல்லுங்கள். போதும்."

நான் இஞ்சி பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்து அது உடைந்து உள்ளே விழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பார்க்க வேறு எதுவும் இல்லை.

இதில் சிக்கல் என்னவென்றால், நெடுங்காலம் நின்ற வேலிக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு. அதை வெல்லக்கூடியது ஒன்றுதான்: முதல் அளவையாளன் நட்ட மூலைக்கட்டை. அது கிடைத்தால் வேலியும் தோற்கும், என் கணக்கும் தோற்கும். கட்டடக்காரரும் கெட்ட மனிதர் இல்லை. "கட்டையைக் காட்டுங்கள், மரத்தைத் தொடமாட்டேன். ஆனால் திங்கட்கிழமை மெஷின் வரும்" என்றார். நானும் பத்திரத்தை எப்படியெல்லாமோ திருப்பிப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் மூலை வேலியிலேயே வந்து விழுந்தது. மரம் வெளியே நின்றது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசியாக ஒருமுறை அளந்துவிடலாம் என்று போனோம். போனோம் என்றால் நானும் சுந்தரமும். சுந்தரம் திருச்சிக்காரர், அங்கே பாலம் கட்டிய என்ஜினியர். இங்கே எனக்குக் கம்பு பிடித்தார். கோணம் அளக்கிற தியோடலைட்டுக்கு முன்னால் தூரத்தில் ஒருவர் சிவப்பு வெள்ளைக் கம்பை நட்டமாகப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அந்த வேலை. "ஊர்ல நான் கையெழுத்துப் போட்டாதான் லாரி நகரும் சார்," என்பார். "இங்க நீங்க கையை ஆட்டினா நான் நகரணும்."

முன்மூலைக் கல் பத்திரமாக இருந்தது. அதன்மேல் தியோடலைட்டை வைத்துப் பின்மூலைப் பக்கம் திருப்பினேன். பார்வை போவதற்காக வேலியில் இரண்டு பலகை கழற்றியிருந்தோம். அந்த இடைவெளிக்குள் கம்பு போகும், சுந்தரம் போகமாட்டார். அதனால் அவர் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த தெருவால் சுற்றி, கட்டடக்காரரின் வளவுக்குள் வரவேண்டும். வோக்கிடோக்கி மழையில் நனைந்து செத்துப்போயிருந்தது. கைச்சைகைதான்.

மழை விட்டு ஒரு சாய்ந்த வெயில் வந்தது. தொலைநோக்கிக்குள் பார்த்தால் உலகம் ஒரு சாப்பாட்டுத் தட்டளவுதான், ஆளின் முகம் தெரியாது, நெஞ்சும் கையும் கம்பும் தெரியும். கொஞ்ச நேரத்தில் கம்பு வந்து நின்றது. இருண்ட நிறக் கோட்டு. கம்பின் சிவப்பு வெள்ளைப் பட்டை தெரியவில்லை, பழைய மரத்தடி மாதிரி இருந்தது. ஈர வெளிச்சம் என்று நினைத்தேன். நின்ற இடம் பிழை. என் கணக்குக்கு வலப்பக்கம், கமீலியாவுக்கும் அப்பால். இடப்பக்கம் வரச்சொல்லிக் கையை ஆட்டினேன். அசையவில்லை. பெரிதாக ஆட்டினேன், தேனீ துரத்தியவன்போல ஆட்டினேன். அந்த ஆள் அப்படியே நின்றார். பாலம் கட்டியவர், அபிப்பிராயங்கள் இருக்கத்தான் செய்யும் என்று வாய்க்குள் திட்டினேன். ஆனால் கம்பு ஆடவே இல்லை, சுந்தரம் பிடித்து ஒருநாளும் கம்பு அப்படி நேராக நின்றதில்லை, அதிலாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். கடைசியில், போய்த்தொலை என்று தொலைநோக்கியை அவர் பக்கம் திருப்பிக் கோணத்தைக் குறித்துக்கொண்டேன்.

"சார்."

குரல் என் முதுகுப் பக்கம் கேட்டது. சுந்தரம்.

"அந்தப் பக்கம் கேட் பூட்டியிருக்கு சார். உள்ள ஒரு நாய், கன்னுக்குட்டி சைஸு. என் பொண்டாட்டி விசாவே என்னை நம்பித்தான் இருக்கு, நான் உள்ள போகமாட்டேன்."

"அப்ப அங்கை ஆர் நிக்கிறது?"

"எங்க?"

"இதுக்குள்ள பாருங்கோ."

அவர் குனிந்து, நிதானமாக, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "மரம் தெரியுது சார். பூ தெரியுது. நல்லாருக்கு."

"கம்பு?"

"கம்பு என் தோள்ல இருக்கு சார்."

அவரைத் தள்ளிவிட்டு நான் பார்த்தேன். மரமும் பூவும்தான். கன்றுக்குட்டி அளவு நாய் ஒருமுறைகூடக் குரைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதெல்லாம் எனக்கும் தோன்றியது. களைப்பு, வெயில், புதுக் கண்ணாடி. ஆனால் கோணம் குறித்தாகிவிட்டது, வேறு வழியும் இல்லை. மார்கரெட்டிடம் கேட்டு இன்னும் சில பலகைகளைக் கழற்றி, நாய் கட்டிக்கிடப்பதை உறுதிசெய்துகொண்டு, அந்தக் கோட்டிலேயே நடந்தோம். கமீலியாவைத் தாண்டி ஈரப் புல்லில், கம்பின் நுனி அளவில், ஒரு குழி. அப்போதுதான் ஊன்றி எடுத்ததுபோல, தண்ணீர்கூட இன்னும் நிறையவில்லை.

தோண்டினோம். சிவந்த எரிமலை மண். முழங்கை ஆழத்தில் மண் சதுரமாகக் கறுத்தது. இன்னும் கீழே மண்வெட்டி எதிலோ இடித்தது. கையால் துடைத்தேன். டோட்டாராக் கட்டையின் அடிப்பகுதி, நாலு பக்கமும் கோடரியால் செதுக்கிக் கூராக்கியது, செதுக்கின தடம் அப்படியே இருந்தது. முதல் கட்டை. அதை வைத்துக்கொண்டு கணக்கைத் திரும்பப் போட்டபோது, பழைய அளவையாளனின் வடக்கை நான்தான் பிழையாக ஊகித்திருந்தேன் என்று தெரிந்தது. மற்ற எல்லா வரியும் பூட்டும் சாவியுமாகப் பொருந்தியது.

சுந்தரம் பகிடி விடவில்லை. "அம்மாவைக் கூப்பிடுங்க சார்," என்றார்.

மார்கரெட் சப்பாத்தைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். கட்டையைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார், இடையிலிருந்த தூரத்தைப் பார்த்தார்.

"எங்கள் பக்கமா?"

"ஓம்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது. மரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, "அந்த மனிதன் வாழ்நாளில் எதையும் அளந்து செய்ததில்லை," என்று சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடிய வெகுநேரம் ஆயிற்று. நாங்கள் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கட்டடக்காரர் சொல் தவறவில்லை. வேலி மாறியது. மார்கரெட் அதற்குப் பிறகும் சில வருடம் இருந்தார். காலையில் தேநீர்க் கோப்பையோடு அந்த மூலைக்குப் போவதை நான் கண்டிருக்கிறேன்.

அன்று வீட்டுக்குப் போய் மனைவி கமலாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "இஞ்சருங்கோ, மத்தியானம் சாப்பிட்டனீங்களோ?" என்றாள்.

"இல்லை."

"அதுதான்."

ஆனால் அன்று விளக்கு வைக்கும்போது ஒரு திரி கூடுதலாகப் போட்டாள். கேட்டால் இல்லை என்று சாதிப்பாள்.

அவளிடமும் சுந்தரத்திடமும் நான் சொல்லாத ஒன்று உண்டு. மார்கரெட்டிடம் சொல்லியிருக்கவேண்டுமோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

கம்பை இரண்டு கையாலும் பிடிக்கவேண்டும், அது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. அந்த ஆள் ஒரு கையால் பிடித்திருந்தார். மற்றக் கை மடங்கி, நெஞ்சோடு சேர்ந்து, கோட்டுக்குள் போயிருந்தது. கோணத்தைக் குறித்த பிறகும் எனக்கு எரிச்சல். என் இரண்டு கைகளையும் சேர்த்து உயர்த்தி, இரண்டாலும் பிடியுங்கள் என்று காட்டினேன். கம்பு மெல்ல அவர் தோளில் சாய்ந்தது. விடுபட்ட கை கோட்டின்மேல் வந்து, அங்கே எதையோ தட்டிக்கொடுத்தது. ஒரே தாளத்தில், அவசரமே இல்லாமல். பிறகு திரும்பக் கம்பை எடுத்து நேராகப் பிடித்துக்கொண்டது.

நானும் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவன். சத்தமாகக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தவன், ஏன் என்று எனக்கே தெரியாமல், மூடிக்கொண்டேன். பிள்ளை எழும்பிவிடும் என்று பயந்தவன்போல, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு நின்றேன்.