மூன்றாவது நகலிலும் தெரிந்த அம்பு

என் பழைய மேலாளர் பொய் சொல்கிறார். எங்கள் கையேடுகளில் ஸ்கிரீன்ஷாட் மேல் அம்பும் எண்ணும் போடுவதற்கான மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது அவர் இல்லை. நானும் இல்லை. எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த பெண். ஒப்பந்த ஊழியர். அந்த வருடம் அவளுக்கு வேலை நிரந்தரமாகுமா ஆகாதா என்பதே இந்தத் தேர்வை வைத்துத்தான் முடிவாக இருந்தது. இல்லாவிட்டால் ஒரு அம்புக்காக நான் ஏன் இவ்வளவு கத்தப் போகிறேன்?

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். நான் கோயம்புத்தூரிலிருந்து மராத்தி பேசும் ஊருக்கு வந்து, விஷ்ராந்த்வாடி என்கிற பகுதியில் அறை எடுத்திருந்தேன். அவள் அதே ஊரில், கோர்படியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்க வராது. தொழிற்சாலைக் கிடங்குகளுக்கு மென்பொருள் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் கையேடு எழுதுவது எங்கள் இருவரின் வேலை. திரையைப் படம் பிடிப்போம். கணினியோடு இலவசமாக வருகிற, பிள்ளைகள் வீடும் சூரியனும் வரைகிற மென்பொருளில் அதை ஒட்டி, மவுஸை அழுத்திப் பிடித்துக் கோணல்மாணலாக ஒரு சிவப்பு அம்பு இழுப்போம். சேமித்ததும் அம்பு படத்தோடு ஒட்டிக்கொள்ளும். புரோகிராமர்கள் ஒரு பொத்தானை இடம் மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. அவர்கள் வாரம் தவறாமல் மாற்றினார்கள்.

நல்ல மென்பொருளாக ஒன்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார் மேலாளர். அவர் மனதில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. விளக்கம் எழுத மஞ்சள் பலூன், பலூனுக்கு நிழல், நிழலுக்கு ஒரு ஓரம் என்று கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். அவளிடம் என் காது கேட்கவே சொன்னார்:

"இதை ஒழுங்கா முடிச்சுக் குடு. உன்னை பெர்மனென்ட் பண்ணச் சொல்லி நானே எழுதறேன்."

கணினிப் பத்திரிகைகளோடு வந்த சிடிகளைத் துழாவி ஆறு மென்பொருள்களை எடுத்தோம். எல்லாமே முப்பது நாள் சோதனைப் பதிப்பு. ஒன்றில் அம்பு போட்டேன், சேமித்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். அம்பைத் தொட்டேன். நகர்ந்தது! படம் அப்படியே இருக்க அம்பு மட்டும் தனியாக நகர்ந்தது. இழுத்தேன், வளைத்தேன், அழித்தேன், திரும்பப் போட்டேன். அன்று மதியம் சாப்பிட மறந்துவிட்டேன். நான் சாப்பாட்டை மறக்கிற ஆள் இல்லை.

அவள் என் திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அதற்கு முந்தின மாதம்தான் ஒரு தொழிற்சாலைக் கிடங்குக்குப் பயிற்சி கொடுக்கப் போய்வந்திருந்தாள்.

"அண்ணே, நம்ம மேனுவல யாரு கலர்ல பாக்கறா? ஸ்டோர்கீப்பர் செவுத்துல ஒட்டி வச்சிருக்கறது ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ். ஸ்க்ரீனும் சாம்பல், அம்பும் சாம்பல். அம்ப எங்க தேடுவான் அவன்? சலோ, கடைக்குப் போலாம்."

எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அத்தனை வருடம் சிவப்பில் அம்பு போட்டவன் நான்.

ஆறு மென்பொருளிலும் ஒரே திரைக்கு அம்பு போட்டு, அச்செடுத்து, ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். முதலில் நகல். பிறகு அந்த நகலுக்கு நகல். பிறகு அதற்கும் ஒரு நகல். கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்து மராத்தியில் ஒரு கேள்வி கேட்டார். அது என்ன என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. காரணம் கடைசியில் தெரியும்.

மேலாளரின் மஞ்சள் பலூன் இரண்டாவது நகலிலேயே கறுப்புத் திட்டாகிவிட்டது.

"பட்டனுக்கு அம்மை போட்டிருக்கு," என்றாள்.

ஒவ்வொன்றாகச் செத்தது. ஒன்று மட்டும் சாகவில்லை. கறுப்பு அம்பு, அதைச் சுற்றி வெள்ளைக் கோடு. கறுப்பு வட்டம், அதற்குள் வெள்ளை எண். மூன்றாவது நகலிலும் பளிச்சென்று நின்றது. நான் கடையிலேயே கை தட்டிவிட்டேன். அவள் அடுத்ததற்குப் போய்விட்டிருந்தாள்.

"படத்துல நம்பர் மட்டும் போதும். விளக்கமெல்லாம் கீழ இருக்கட்டும். நாளைக்கு மராத்தில மேனுவல் போட்டா படத்தத் தொடவே வேணாம்."

திரும்பி வரும் வழியெல்லாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசினோம். யார் என்ன சொன்னோம் என்று கேட்டால் தெரியாது. அப்படி ஒரு சந்தோஷம். அவள் வேலை நிரந்தரமாகிவிட்டது என்றே நான் நினைத்தேன்.

நகல்களை மேலாளரிடம் கொடுத்தாள். தேர்வுக் கூட்டத்துக்கு ஒப்பந்த ஊழியர்களைக் கூப்பிடுவதில்லை. நான் இருந்தேன். அவர் மூன்று நகல்களையும் மேசையில் பரப்பி, நானே கடைக்குப் போய்ச் சோதித்துப் பார்த்தேன் என்று சொன்னார். இது அவங்க செஞ்சதுங்க என்று நான் குறுக்கே சொன்னேன். எல்லாம் டீம் வொர்க்தான் என்று சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். நிரந்தரமானவர்களின் பட்டியலில் அவள் பெயர் இல்லை. சொந்தமாக எதுவும் செய்யவில்லை என்று காரணம் சொன்னாராம். கிளம்பும் நாளில் அவள் என்னிடம் சொன்னது:

"அந்தக் கடைக்காரனுக்காவது தெரியும்ணே, யாரு வந்தான்னு."

சில மாதம் கழித்து அதே கிடங்குக்கு நான் போனேன். சுவரில் எங்கள் புதுப் பக்கம், ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ், ஓரமெல்லாம் கிரீஸ் கறை. ஸ்டோர்கீப்பர் வட்டத்துக்குள் இருந்த மூன்றில் விரல் வைத்து, கீழே மூன்றைப் படித்து, சரியான பொத்தானை அழுத்தினார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. அதைப் பார்த்திருக்க வேண்டியவள் அங்கே இல்லை.

இப்போது பழைய ஊழியர்களின் மின்னஞ்சல் குழுவில் மேலாளர் அதே கதையை மறுபடி எழுதியிருக்கிறார். அம்பை அவரே கண்டுபிடித்தாராம். எல்லோரும் பாராட்டுகிறார்கள்.

சார், அந்தக் குழுவிலேயே, அத்தனை பேரும் படிக்கும்படி பதில் எழுதுங்கள். எனக்குத் தனியாக எழுத வேண்டாம். கடை எந்தத் தெருவில் இருந்தது? உங்களோடு யார் வந்தது? கடைக்காரர் என்ன கேட்டார்?