சீனன்குடாவில் எஞ்சின் இல்லாத இரண்டு படகுகள்

கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் நிலாவெளிக் கடலையும் தேடி இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். போன மாசியில் நான் திருகோணமலைக்குப் போனது எஞ்சின் விஷயமாக. சீனன்குடாவில் ஒரு தனியார் படகுத்தளம், வெளிநாட்டுக் கடற்படையொன்றுக்காக இரண்டு ரோந்துப் படகுகள் கட்டியிருந்தது. அவர்களுடைய முதல் ஏற்றுமதி. படகு தயார், எஞ்சின் வரவில்லை. வேறு நாட்டு எஞ்சின் பொருந்துமா என்று பார்த்துச் சொல்ல, படகு எஞ்சின் பொருத்துகிற தொழில்காரனான என்னைக் கூப்பிட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் காலை ஐந்தரைக்குப் பஸ். ஏறத்தாழ 235 கிலோமீற்றர், ஆறு மணித்தியாலம். இருக்கை வேண்டுமென்றால் முன்னதாகவே போய் நில்லுங்கள். திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்தேன்.

"அந்தப் படகுத்தளத்துக்கோ? அங்க இப்ப வேலை ஒண்டும் நடக்கிறேல்லையே," என்றார் ஓட்டுநர். ஊருக்கே தெரிந்ததைக் கண்டுபிடிக்கத்தான் நான் அளவுநாடாவோடு போய்க்கொண்டிருந்தேன்.

வாசலில் தளத்து வெல்டர் நபீல் நின்றார். கிண்ணியாக்காரர். கட்டாரில் கப்பல்தளமொன்றில் வெல்டிங் வேலை செய்தவர். பிள்ளைகளோடு இருக்கலாம் என்று, இந்த ஏற்றுமதி வேலையை நம்பி அதை விட்டுவிட்டு வந்திருந்தார். சும்மா சொல்லக்கூடாது, அவருடைய ஒட்டு ஒவ்வொன்றும் அவ்வளவு சுத்தம்.

"ரெண்டு எஞ்சின் கம்பனி வந்திச்சு சேர். ஒண்டு பாரமான எஞ்சின், ஆருக்கும் விக்கலாம். மத்தது பாரம் குறைவு, ஓட்டம் கூட. ஆனா அந்த எஞ்சின் செய்யிற நாட்டு அரசாங்கம் ஓம் எண்டாத்தான் படகை வெளிய விக்க ஏலும்."

தளத்துப் பெரியவர்கள் ஓட்டம் கூடியதைத் தெரிவு செய்தார்கள். அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்களாம். பிறகு அந்த நாட்டுக்கும் வாங்குகிற நாட்டுக்கும் பிணக்கு வந்தது, அனுமதி வரவில்லை. இதில் இன்னொரு கூத்து. எஞ்சின் இறக்கப் படகுகளின் மேல்தட்டில் விட்டிருந்த திறப்புகள் இரண்டும் தகடு ஒட்டி மூடிக் கிடந்தன.

"விழாவில தேங்காய் உடைக்கப் பெரியாக்கள் வாறாங்க, வடிவா இருக்கோணும், மூடுங்க எண்டாங்க. மூடினன்."

நாடாவின் மறுமுனையை நபீல் பிடிக்க, மூன்று மணி வரை அளந்தேன். திறப்பை மறுபடி வெட்டலாம், எஞ்சின் நிற்கும் மேடையையும் மாற்றலாம். ஆனால் பாரமான எஞ்சினோடு, வாக்குக் கொடுத்த வேகம் வராது. தளத்துப் பணிப்பாளருக்கு அங்கிருந்தே கோல் எடுத்துச் சொன்னேன்.

"அப்ப இந்த ஓடரை விடுவம்," என்றார், சாப்பாட்டுக் கடையில் இன்னொரு பிளேட் வேண்டாம் என்பது போல. "அடுத்த ஓடருக்கும் அந்தக் கம்பனியோடதான் கதைக்கிறம். நல்ல எஞ்சின்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நபீல் நாடாவைச் சுற்றித் தந்தார்.

பின்னேரம் தன்னுடைய மோட்டார் சைக்கிளிலேயே பஸ் நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார். "கட்டார்ல பழைய இடத்துக்குக் கதைச்சிட்டன் சேர். வாற மாசம் போறன். சின்ன மகள் இப்பதான் கூச்சமில்லாம வாப்பா எண்டு மடியில வந்து இருக்கிறா." தேத்தண்ணிக் காசைக்கூட அவரே கொடுத்துவிட்டார்.

கன்னியாவுக்குப் போகிறவர்கள் விடிய வெள்ளனவே போங்கள், பிறகு சனம் கூடிவிடும். ஏற்றுமதிப் படகுக்கு எஞ்சின் தேடுகிறவர்கள், எவ்வளவு வேகம் என்று கேட்பதற்கு முதல், படகை யாருக்கு விற்க விடமாட்டீர்கள் என்று எஞ்சின் கம்பனியிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதற்குப் பிறகு கட்டாரிலிருந்து ஆளைக் கூப்பிடுங்கள்.